பணி ஆணைக்குத் தெரிந்த முகவரி வாக்குச்சீட்டுக்குத் தெரியவில்லை

2021 ஏப்ரல் 6 அன்று காலை ஏழு மணி முதல் இரவு ஏழு மணி வரை, ஒரு வாக்குச்சாவடியில் வரிசையில் வந்த ஒவ்வொருவரின் இடக்கை விரலிலும் மை வைத்துக்கொண்டிருந்தேன். கொரோனாக் காலம் என்பதால் வலக்கைக்குப் பிளாஸ்டிக் உறையும் கொடுத்தோம். அந்தச் சட்டமன்றத் தேர்தலில் என் வாக்கு மட்டும் பதிவாகவில்லை. இத்தனை ஆண்டு கழிந்தும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, 2019 ஆடியில் பணிமாறுதல் பெற்றுக் கும்பகோணம் பக்கம் குடிவந்தேன். வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றாமல் ஓராண்டுக்கு மேல் இருந்தது என் தவறு, அதை மறைக்கவில்லை. 2020 டிசம்பரில் சுருக்கமுறைத் திருத்தம் நடந்தபோது படிவம் 6 கொடுத்தேன். (அன்று தொகுதி விட்டுத் தொகுதி மாறியவருக்குப் படிவம் 6, ஒரே தொகுதிக்குள் மாறியவருக்கு 8ஏ, 2022 ஆகஸ்டிலிருந்துதான் இரண்டுக்கும் படிவம் 8 போதும் என்று ஆக்கினார்கள்.) ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் புதிய தொகுதியில் என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆக, குடியிருப்பது ஓரிடம், வாக்கு இருப்பது ஓரிடம் என்றாயிற்று.

சரி, தேர்தல் பணியில் இருப்பவருக்குத்தான் தபால் வாக்கு இருக்கிறதே என்று ஆறுதல் கொண்டேன். பயிற்சி வகுப்பில் படிவம் 12 கொடுத்தார்கள். பாகம் எண், வரிசை எண் எல்லாம் பழைய தொகுதியின்படி எழுதிய பிறகு, வாக்குச்சீட்டை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தப் படிவமே கேட்கிறது. இடம் மாறியவர்களுக்காகவே வைத்தது போன்ற அந்த இடத்தில், புதிய வீட்டின் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் வரை கொட்டை எழுத்தில் எழுதி, நகலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாக்குச்சீட்டோ பழைய வீட்டுக்குப் போயிற்று.

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்துவிடும் தண்ணீர்கூட, வாரக்கணக்கில் ஆனாலும், மதகும் வாய்க்காலும் தாண்டித் தான் போய்ச் சேர வேண்டிய கடைமடை வயலைக் கண்டுபிடித்துவிடுகிறது. எனக்கு வர வேண்டிய உறைக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் பழைய எதிர்வீட்டு அக்கா தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், ஒங்க பேருக்கு கவர்மெண்டு கவர் ஒண்ணு வந்துச்சு, போஸ்ட்மேன் ரெண்டு தடவ வந்து பாத்துட்டு திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். வாக்கு எண்ணும் நாளான மே 2 காலை எட்டு மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேராத தபால் வாக்கு செல்லாது. விடுப்பு எடுத்து, நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக இரண்டு பேருந்து மாறி அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

"பட்டியலில் இருக்கிற முகவரிக்குத்தான் டீச்சர் அனுப்புவோம். வீடு மாறியதை நீங்கள்தானே சொல்லியிருக்க வேண்டும்?" என்றார் அங்கிருந்த ஊழியர். படிவம் 12-இன் நகலை நீட்டினேன். வாங்கினார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், "திரும்பி வந்த கவரை மறுபடி கொடுக்க விதியில்லை" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

விதி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 26-ஆவது விதி, சேராமல் திரும்பி வந்த தபால் வாக்குச்சீட்டை மீண்டும் அஞ்சலில் அனுப்பலாம், அல்லது வாக்காளர் கேட்டுக்கொண்டால் நேரிலேயே வழங்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இதை நான் படித்தறிந்தது, வாக்கு எண்ணிக்கை முடிந்து பல நாள் கழித்து. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

என்னை மிகவும் சுடுவது இன்னொன்று. இதே அரசு அனுப்பிய தேர்தல் பணி ஆணை, என் பெயர், பதவி, புதிய பள்ளி என ஓர் எழுத்துகூடப் பிசகாமல் என் கைக்கு வந்தது. பயிற்சிக்கு ஒரு நாள் வராவிட்டால் விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் தவறாமல் வந்திருக்கும். வேலை வாங்குவதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிகிறது. வாக்களிப்பதற்கு மட்டும் நான் இன்னும் பழைய வாடகை வீட்டிலேயே இருக்கிறேன்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று ஆசிரியர் அறையிலேயே சிலர் சிரித்தார்கள். 2016-இல் இராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தபால் வாக்கோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லாது என்று அங்கே ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. அவற்றை எண்ணச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. அவையெல்லாம் எங்களைப் போன்ற தேர்தல் பணியாளர்களின் வாக்குகள் என்பதையாவது சிரித்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

2023-இல் விதியைத் திருத்தி, தபாலில் அனுப்பாமல், பணியாளர்கள் தபால் வாக்கைப் போடுவதற்கென்றே அமைக்கும் வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2024-இல் பயிற்சி நடந்த இடத்திலேயே வாக்களித்தேன், நல்ல மாற்றந்தான். ஆனால் அந்த 2021-ஆம் ஆண்டு உறை எங்கே போயிற்று என்று இன்றுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. 'வீடு பூட்டியுள்ளது' என்று அஞ்சல்காரர் அதன்மேல் எழுதியிருப்பார். அந்த வீட்டின் சாவியை 2019 ஆடியிலேயே உரிமையாளரிடம் கொடுத்துவிட்டேன்.