மேசை இரண்டு பேருக்கு, பில் இருபது பேருக்கு

கொழும்புக்கு வருகிற வெளியூர்த் தம்பதிக்கு இந்த நகரத்தில் ஆயிரம் வேலை இருக்கிறது. கடவுச்சீட்டு எடுக்கலாம், விசாவுக்கு வரிசையில் நிற்கலாம், கண் வைத்தியரிடம் காட்டலாம், புறக்கோட்டையில் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கலாம், கட்டுநாயக்காவில் யாரையாவது விமானம் ஏற்றிவிட்டு அழலாம். இவ்வளவும் முடிந்த பிறகு, கட்டிய கணவனோடு ஒரு மூலையில் அமர்ந்து, மெல்லிய வெளிச்சத்தில், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிற இடத்தில், மாதச் செலவுக் கணக்கு குழம்பாத விலையில் ஓர் இரவுச் சாப்பாடு சாப்பிட ஆசைப்பட்டால் மட்டும் இந்தத் தலைநகரம் கையை விரிக்கிறது.

சாப்பாட்டுக்குப் பஞ்சமான ஊராக இருந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். காலி வீதியில் பத்தடிக்கு ஒரு கடை இருக்கிறது. ஆனால் அத்தனை கடைகளும் இரண்டே வகை வாடிக்கையாளரைத்தான் மனதில் வைத்திருக்கின்றன. பசியோடு வந்து இருபது நிமிடத்தில் எழுந்து போகிறவர் ஒரு வகை. டொலரில் கணக்குப் பார்க்கிறவரும் கம்பனிக் காசில் சாப்பிடுகிறவரும் இன்னொரு வகை. நடுவில் நாங்கள் இருக்கிறோம். இரண்டு பேரும் அரச உத்தியோகம். எப்போதாவது வேலை அமைந்தால், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறுகிறோம். ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார். எங்களுக்கு அது சிறிய காசு இல்லை. அந்தக் காசுக்குக் கொழும்பில் வயிறு நிறையும், வேறொன்றும் நிறையாது.

தடை கடையில்கூட ஆரம்பிப்பதில்லை, வெள்ளவத்தையில் நாங்கள் தங்குகிற பெரியம்மாவின் வீட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "இரவு வெளியில் சாப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டால் போதும். புட்டு அவித்தாயிற்று, நண்டு வாங்கியாயிற்று, உங்களுக்குக் காசு கூடிப்போய்விட்டதா என்று ஒரு பாட்டம் நடக்கும். அதைச் சமாளித்துச் செருப்பை மாட்டும்போது, "அப்படியென்றால் இவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் சும்மாதானே இருக்கிறான்" என்று ஒன்றுவிட்ட தம்பியை முன்னால் தள்ளிவிடுவார். கல்யாணமாகிப் பல வருடமான இரண்டு பேர் தனியாகப் போக விரும்புவார்கள் என்ற எண்ணமே நம் சனத்துக்கு வருவதில்லை. புதுமணத் தம்பதி என்றால் சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள். எங்களுக்கு அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டதாம்.

தப்பித்து வெளியே வந்தால் பக்கத்திலேயே சைவக் கடைகள். சாப்பாட்டில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், தோசையும் சம்பலும் அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குழல்விளக்கு வெளிச்சத்தில் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். நான்கு பேருக்கான மேசை என்பதால் எதிரே முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். கடைசிக் கவளம் உள்ளே போகுமுன் ஒரு தம்பி ஈரத்துணியோடு வந்து துடைக்க ஆரம்பிப்பார், எழும்புங்கள் என்று அதற்கு அர்த்தம். கொத்து ரொட்டிக் கடை என்றால் தகட்டில் விழுகிற அடியில் காதல் வார்த்தையையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பக்கத்து மேசையிலிருந்து வருகிற "நீங்கள் இன்ன மாஸ்டருடைய மகள்தானே?" என்ற கேள்வி. ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் படாமல் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அந்த மாமா கதிரையை இழுத்துப் போட்டு, கனடாவில் இருக்கிற மகனின் வீட்டுக் கடன்வரை சொல்லி முடிக்கும்போது எங்களுடைய இரவு முடிந்திருக்கும்.

சரி, கடற்பக்கம் போவோம் என்று மரீன் டிரைவுக்கு இறங்கினோம். மாடிக்கு மாடி கடல்காட்சி விற்கிறார்கள். கொழும்பு மேற்குக் கரை நகரம், சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்குகிற காட்சி இயற்கை தந்த இனாம். வருடம் முழுக்க அது நடப்பது மாலை ஆறு மணியை ஒட்டித்தான். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஏழு மணிக்கு! வானம் செம்மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மாடிக் கடையின் வாசலில் நின்று, உள்ளே ஆளில்லாமல் கிடந்த கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் மேசைவிரிப்புகளை உதறிக்கொண்டிருந்தான். இருந்து ஒரு தேத்தண்ணீராவது குடிக்கிறோம் என்று என் கணவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுப் பார்த்தார். குசினி திறக்கவில்லை, முடியாது. ஏழு மணிக்கு எங்களை மரியாதையாக உள்ளே அழைத்துக் கண்ணாடியோரத்து மேசையைத் தந்தபோது வெளியே கன்னங்கரிய இருட்டு. அந்தக் கண்ணாடியில் தெரிந்தது எங்கள் இரண்டு முகங்களும், பின்சுவரில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டும்தான். வீதிக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் போகிறது என்பதால் அவ்வப்போது ஒரு ரயில் வேறு அலறிவிட்டுப் போனது. கடலோரத்து மேசை என்பதற்காகக் குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் காதில் போட்டார்கள்.

அங்கே வெளிச்சம் மெல்லியதாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உணவுப் பட்டியல் என்று ஒரு தாள் இல்லை. மேசையில் ஒட்டியிருக்கிற சதுரத்தைக் கைபேசியால் பிடித்தால் பட்டியல் திரையில் வரும். என் கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்க, அது ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்துக்கே ஓடிப் போனது. நான் என் கைபேசியின் விளக்கை அடித்துக்கொண்டிருந்தேன். மெழுகுதிரி? அது பற்றரியில் எரிகிற பிளாஸ்டிக் மெழுகுதிரி. வந்து நின்ற பையன் "சேர் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டானே தவிர என் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டியலின் அடியில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், சேவைக் கட்டணமும் அரச வரிகளும் தனி என்று ஒரு வரி இருக்கும். சில இடங்களில் அந்த வரிகூட இல்லை, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி மட்டும். அந்தக் கூட்டல் குறிகள் செய்கிற வேலையைக் கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம். பெறுமதி சேர் வரி 18 வீதம். 2022 ஆரம்பத்தில் 8 வீதமாக இருந்தது, அந்த வருடத்துக்குள்ளேயே 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியிலிருந்து 18 ஆகிவிட்டது. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியையும் சில கடைகள் பில்லில் தனியாகக் காட்டுகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றாமல் வெறுமனே கூட்டினாலே 30.5 வீதம். ஏழாயிரத்துக்குள் என்று விரல் மடக்கிச் சேர்த்த சாப்பாடு ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிடும். வரி நாட்டுக்குத் தேவை, கட்டுகிறோம், அதில் பேச்சே இல்லை. கடைசியில் நான் கொடுக்கப்போகிற காசை முதலிலேயே போட்டுவிட்டால் உங்கள் கை தேய்ந்தா போய்விடும்? சவர்க்காரக் கட்டியில்கூட முழு விலையை அச்சடித்துத்தானே விற்கிறார்கள்? சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் இந்த ஒளித்துப்பிடித்து விளையாட்டு? வட்டிலப்பம் சொல்லலாமா என்று அவர் ஆசையாகக் கேட்டபோது நான் மனதுக்குள் 1.305 ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன். இந்த இலட்சணத்தில் காதல் எங்கிருந்து வரும்?

கழிவு இல்லையா என்றால், இருக்கிறது, கடன் அட்டைக்கு. அதுவும் குறிப்பிட்ட வங்கியின் அட்டை, அதிலும் குறிப்பிட்ட நிற அட்டை, வெள்ளி சனி தவிர்ந்த நாள், இவ்வளவுக்கு மேல் சாப்பிட்டால் மட்டும், அவ்வளவுக்கு மேல் கழிவு இல்லை. ஒரு சோற்றுக்கு இவ்வளவு சட்டம்.

"நட்சத்திர ஹோட்டலில் பஃபேக்குப் போங்கள் அக்கா, அட்டைக்கு அரைவிலையில் வரும்" என்று அந்த ஒன்றுவிட்ட தம்பிதான் ஆலோசனை சொன்னான், தன் அட்டையையும் தந்தான். பஃபே என்பது காதலுக்கு எதிராகவே கண்டுபிடிக்கப்பட்ட ஏற்பாடு என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். நான் சூப்போடு வந்து அமர்கிறேன், அவர் சோற்றுக்கு எழுந்து போகிறார். அவர் திரும்பும்போது நான் நண்டு வரிசையில் நிற்கிறேன். இரவு முழுவதும் எனக்கு எதிரே இருந்தது ஒரு வெறுங்கதிரையும் அதன்மேல் ஒரு துணியும். கொடுத்த காசுக்குச் சாப்பிட்டே தீர வேண்டும் என்ற வெறி வேறு மனிதரைப் பிடித்துவிடுகிறது. இருக்கிற இனிப்புகள் அத்தனையையும் ஒரே தட்டில் குவித்து, மேலே ஒரு பப்பாசித் துண்டையும் வைத்துக்கொண்டு வந்த மனிதரை, நான் வீட்டாரை எதிர்த்துக் கட்டியது இவரைத்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் ஆத்திரம் அடங்காது. கிற்றாரும் மேளமுமாக மூன்று பேர் மேசை மேசையாக வந்து கலிப்சோ பாடுவார்கள். பாவம், அவர்களுடைய பிழைப்பு அது. ஆனால் பாட்டு முடியும்வரை நாங்கள் முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டிவைத்துக்கொண்டு, நூறு கொடுப்பதா ஐந்நூறு கொடுப்பதா என்று மேசைக்கடியில் கைவிரலால் பேரம் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் நகர்ந்ததும் யாரோ விளக்கை அணைத்தார்கள். அப்பாடா, ஒருவழியாக வெளிச்சத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நொடியில், தீப்பொறி பறக்கிற கேக்கோடு கடை ஊழியர் அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள். அது முடிந்து கால் மணிநேரத்தில் அடுத்த மேசையில் இன்னொரு பிறந்தநாள்.

கடைக்காரர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது என்று எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம், அது தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் விளக்கைக் குறையுங்கள் ஐயா, தொலைக்காட்சியை நிறுத்துங்கள், ஒலிபெருக்கியைக் கழற்றுங்கள். நாங்கள் கேட்பதும் அதைத்தானே! காதல் விருந்துக்குத் தேவையானவை எல்லாம் செலவைக் குறைக்கிறவை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரத்தை வெட்டியபோது இந்த நாடு முழுவதும் மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் சாப்பிட்டது. சமைக்கத்தான் எரிவாயு கிடைக்கவில்லை.

காசில்லாத காதலருக்குக் காலி முகத்திடல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்த நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருகிற ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் வெட்டி வைத்தார். தம்பதிகளை மறந்துவிட்டார். அதனால்தான் இன்றும் கொளுத்துகிற வெயிலில் சோடிகள் சோடிக்கொரு குடையை விரித்து அதற்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், இந்த நகரத்தில் இரண்டு பேர் ஒதுங்க வேறு எந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லட்டும். நாங்களும் அங்கே போய் நின்றுகொண்டே இறால் வடை சாப்பிட்டோம். வடை அருமை. காற்றில் பறந்த மிளகாய்ச் சம்பல் அவருடைய வெள்ளைச் சட்டையில். காதலர் தினத்துக்கு வரலாமே என்கிறார்கள், அன்றைக்குச் சிவப்புப் பலூன் கட்டி அதே கோழியை இதய வடிவில் வெட்டி இரட்டை விலை போடுகிறார்கள். பௌர்ணமி நிலவில் கடலோரம் என்று கனவும் காண வேண்டாம், போயா நாளில் மது விற்கத் தடை என்பதால் மதுவை நம்பி நடக்கிற கடைகள் கதவைச் சாத்திவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு வெசாக், பௌத்தர்களின் பெருநாள். பெய்ரா வாவியைச் சுற்றி வெளிச்சக்கூடுகள் எரிய, கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டு, தன்சல் என்கிற அன்னதான வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். கொழும்பில் எனக்குக் கிடைத்த மிக நல்ல காதல் விருந்து அதுதான், அதுவும் இலவசம். காசு கொடுக்கத் தயாராக நிற்கிறவளுக்கு அதில் பாதியைத் தர ஒரு கடை இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

யாராவது இந்த நகரத்தில் புதிதாகக் கடை திறக்க யோசிக்கிறீர்களா? பத்து மேசை போதும், அதில் குறைந்தது ஆறு மேசை இரண்டு பேருக்கானவையாக இருக்கட்டும். மாலை ஐந்தரைக்குத் திறவுங்கள். பட்டியலைத் தாளில் மூன்று மொழியிலும் அச்சடியுங்கள், விலைக்குள் வரி எல்லாம் அடங்கியிருக்கட்டும். இடியப்பமும் சொதியும் ஒரு மீன் குழம்பும் இருந்தால் போதும், வேறு வித்தை எதுவும் காட்ட வேண்டாம். வெள்ளவத்தைப் பக்கம் மட்டும் திறக்காதீர்கள். பில்லை அவருடைய கையில் திணிக்காமல் மேசை நடுவில் வையுங்கள், அதில் பாதி என்னுடைய காசு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் வீட்டில் போய்க் கொண்டாடச் சொல்லுங்கள்.