சாசி நின்றால் ஆம்புலன்ஸ் இரும்புக்கடைக்குப் போகாது

அண்ணே, ‘சாசி (வண்டியின் அடிச்சட்டம்) தயாரிப்பை நிறுத்திவிட்டால் அதன்மேல் கட்டிய ஆம்புலன்ஸ் இரும்புக்கடைக்குத்தான், பினாங்கில் தன்னார்வக் குழுக்கள் பெட்டி வகையை (நோயாளி இருக்கும் பகுதியைத் தனிப் பெட்டியாகச் சாசிமேல் பொருத்தியது) தொடவே கூடாது’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. நன்கொடைப் பணத்தில் வண்டி வாங்குகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2009-இல் செவ்ரோலே கோடியாக், ஜிஎம்சி டாப்கிக் என்ற இரண்டு லோரிகளின் தயாரிப்பும் நின்றது. ஸ்டெர்லிங் லோரிகளும் அதே ஆண்டில் போயின. அதற்காக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை யாரும் உடைக்கவில்லை. பெட்டி நன்றாக இருந்தால் போல்ட்டைக் கழற்றித் தூக்கி, வேறு சாசியில் ஏற்றிவிடுவார்கள். அங்கே இது வழக்கமான வேலை.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கேபின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் சில அங்குலம் மாறினாலே பழைய பெட்டி சரியாக உட்காராது. சைரன், விளக்கு, ஏர்கான் வயரிங் எல்லாம் புது வண்டியின் மின்சார அமைப்போடு ஒத்துப்போக வேண்டும், வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். அப்புறம் எந்த அச்சில் எவ்வளவு எடை என்று மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். செலவும் காத்திருப்பும் இங்கேதான் வரும்.

உண்மையில், நீங்கள் சொல்வது நம் ஊரில் ஓடும் ஹையேஸ் போன்ற வேன் ஆம்புலன்ஸுக்குத்தான் அதிகம் பொருந்தும். அதில் பாடியும் சாசியும் ஒரே கட்டு, நோயாளி இருக்கும் பகுதியை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், பெட்டியை வேறு சாசிக்கு மாற்ற முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.