மஸ்பெரோ எந்த ஏட்டையும் திருடவில்லை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சீனாவை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி மஸ்பெரோவைப் பற்றிப் பேசப்பட்டதை அங்கிருந்த பலரும் கேட்டீர்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “சீனாவைப் படித்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் ஏடு திருடியவர்கள்” என்று நண்பர் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டார். 1908இல் வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையிலிருந்து ஏடுகளைக் கொண்டுபோனவர் பால் பெலியோ என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர். அது சரியா தவறா என்று எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் மஸ்பெரோ வேறு மனிதர்.

மஸ்பெரோ உட்கார்ந்து படித்தவர். சீனக் கற்றோரிலேயே பலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவைத்திருந்த தாவோ நெறி என்ற பழஞ்சீனச் சமயத்தின் பெருந்தொகுப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்டது, 1920களில்தான் ஷாங்காயில் மறு அச்சாகிப் பரவலாகக் கிடைத்தது. யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் காட்டுக்குள் அவர் ஏறத்தாழத் தனியாகவே இறங்கினார்.

என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது மஸ்பெரோவின் கட்டுரைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தலையிலும் மார்பிலும் தொப்புளுக்குக் கீழும் தெய்வங்கள் குடியிருப்பதாகத் தாவோ நெறியினர் நம்பினார்கள். தானியத்தால் வளரும் மூன்று புழுக்கள் ஆயுளை அரிப்பதாகவும் நம்பினார்கள். ஆகவே தானிய உணவை விட்டு, மூச்சையே உணவாக்கிக்கொள்ளப் பழகினார்கள் என்ற பகுதியை அப்பாவுக்குச் சொன்னேன். “வெள்ளைக்காரர் இதைக் கேலி செய்யாமலா எழுதியிருக்கிறார்?” என்று கேட்டுவிட்டு, மேலே படிக்கச் சொன்னார். ஓரிடத்திலும் கேலி இல்லை.

வியட்நாமின் ஹனோயில் மஸ்பெரோ வேலை பார்த்தது பிரெஞ்சுக் காலனி அரசின் நிறுவனத்தில்தானே என்பீர்கள். ஆம், அதை நான் மறைக்கவில்லை. அங்கிருந்துதான் 1912இல் வியட்நாமிய மொழியின் ஒலி வரலாற்றை எழுதினார். அதையும் திருட்டுக் கணக்கில் சேர்ப்பீர்களா? சீனாவை அறியச் சீனர்களைப் படித்தால் போதாதா என்பீர்கள். தாராளமாகப் படியுங்கள், எதையாவது படித்துவிட்டுப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மகன் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக 1944 ஜூலையில் அவரையும் மனைவியையும் ஜெர்மானியர் கைது செய்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட ரயிலில் அவரை ஏற்றினார்கள். பத்தே நாளில் நகரம் விடுதலையானது. 1945 மார்ச் 17 அன்று, 61 வயதில், புகன்வால்ட் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார். ஏப்ரல் 11இல் அமெரிக்கப் படை அங்கே வந்து சேர்ந்தது. இப்படிச் செத்த மனிதரைத்தான் திருடர் என்று கைதட்டலோடு சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

அவர் விட்டுச்சென்ற தாள்களைத் திரட்டி 1950இல் போல் தெமியேவில் என்ற பிரெஞ்சு அறிஞர் பதிப்பித்தார். மொழிபெயர்ப்பு என் வீட்டில் இருக்கிறது. அந்த நண்பர் கேட்டாலும் தருவேன்.