துப்பாக்கி போகலாம், சைலன்சர் போகக்கூடாது

போன வாரம் மதுரையிலிருந்து மாமா போனில் கேட்டார்: "ஏன் மாப்ள, துப்பாக்கியையே பிளேன்ல கொண்டுபோக விடுறாங்கங்கிற. அப்புறம் அந்தக் குழாய்க்கு மட்டும் என்னய்யா தடை?"

நியாயமான கேள்வி. டெக்சாஸுக்கு வந்து இருபது வருடமாகிறது, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகத் தொடங்கிப் பத்து வருடம். ஆனாலும் மாமாவுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. வேட்டையே தப்பு என்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன். ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் கேஸ் என்பது எனக்கும் தெரியும். இங்கே பன்றிக்கூட்டம் ஒரே இரவில் ஒரு சோளக்காட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். சுட வருகிறவனுக்கு விவசாயி காபி போட்டுக் கொடுக்கிறார்.

முதலில் அந்தக் குழாய், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் சைலன்சர். சினிமாவில் வில்லன் தலையணைக்குப் பக்கத்தில் நின்று "புஸ்" என்று சுடுவானே, அப்படியெல்லாம் நிஜத்தில் கிடையாது. வேட்டை ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலுக்கு மேல். 140ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம். சைலன்சர் அதில் 20லிருந்து 35 வரை குறைக்கும், அவ்வளவுதான். தோட்டா ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் அதிக வேகத்தில் போவதால் காற்றைக் கிழிக்கும் "டப்" சத்தத்தை எந்தக் குழாயாலும் நிறுத்த முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எப்படியும் கேட்டுவிடுவார். என் இடது காதில் இன்றும் இரவானால் ஒரு சில்வண்டு கத்துகிறது. சைலன்சர் வாங்குவதற்கு முந்தைய வருடங்களின் பரிசு அது.

வேலை செய்யும் விதமும் நம் பைக் சைலன்சர் மாதிரிதான். சூடான வாயுவை அறை அறையாக விட்டு, வேகம் தணித்து வெளியே அனுப்புவது. 1909இல் துப்பாக்கிக்கு இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிம், கார் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் வேலையும் செய்தவர். அவருடைய அப்பாதான் மாக்சிம் மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். அப்பா உலகத்தின் காதைக் கிழித்தார், மகன் அதற்கு மருந்து பார்த்தார். நம் ஊரில் புல்லட் பைக்கில் சைலன்சரைக் கழற்றினால் போலீஸ் பிடிக்கும். துப்பாக்கியில் மாட்டினால் பிடிக்கும். இந்திய ஆயுதச் சட்டத்தில் சத்தம் குறைக்கும் துணைக்கருவியே துப்பாக்கி என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1934 முதல் இதைப் பதிவு செய்தாக வேண்டும். கைரேகை, போட்டோ, 200 டாலர் வரி. நான் வாங்கியபோது அனுமதி வரப் பத்து மாதம் ஆனது. அந்த வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம். பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. 42 மாநிலங்களில் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். இது எல்லாம் நாட்டுக்குள். எல்லையைத் தாண்டும்போதுதான் கூத்து.

2020 மார்ச்சில் ஏற்றுமதி விதிகளை மாற்றினார்கள். சாதாரண வேட்டை ரைபிள்கள் வெளியுறவுத் துறையின் ராணுவத் தளவாடப் பட்டியலிலிருந்து வணிகத் துறையின் கைக்கு மாறின. அந்த விதிப்படி வேட்டைக்குப் போகிறவர் தன்னோடு மூன்று துப்பாக்கியும் 1000 தோட்டாவும் தனி லைசென்ஸ் இல்லாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். சுங்கத்தில் காட்டி, 4457 என்ற படிவத்தில் வரிசை எண்ணைப் பதிந்து முத்திரை வாங்கினால் போதும். சைலன்சர் மட்டும் பழைய ராணுவப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பத்து நாள் பயணத்துக்கும் வெளியுறவுத் துறையிடம் தற்காலிக ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும். மானைக் கொல்லும் கருவி சாதாரண வணிகப் பொருள், காதைக் காப்பாற்றும் கருவி போர்த் தளவாடம்!

சில வருடத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவுக்குப் போனபோது இதை முழுதாக அனுபவித்தேன். அந்த நாட்டில் சைலன்சருக்குத் தனி லைசென்ஸ் கிடையாது. அவர்கள் கேட்பது துப்பாக்கிக்கான 520 படிவம், அதுவும் கறுப்பு மையில் நிரப்பியது. (நீல மையில் எழுதிவிட்டு, பேனா தேடி அலைந்த கதை தனி.) போய்ச் சேருகிற நாட்டுக்கு ஆட்சேபணை இல்லை, புறப்படுகிற நாட்டுக்குத்தான் ஆட்சேபணை. அந்த உரிமத்துக்கு மல்லுக்கட்ட நேரமில்லாமல் சைலன்சரைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, குழல் முனையில் சைலன்சரைத் திருகும் மரைக்கு ஒரு மூடியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இங்கேதான் வேட்டைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தொல்லை வருகிறது. குழலின் நுனியில் இருக்கும் எடையை எடுத்துவிட்டால் குழலின் அதிர்வு மாறும், தோட்டா விழும் இடமும் மாறும். 100 கஜத்தில் என் ரைபிள் இரண்டு அங்குலம் தள்ளிச் சுட்டது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுடும் பயிற்சி ரேஞ்சில் உட்கார்ந்து குறியை மறுபடி சரிசெய்தேன். அங்கே போனால் முகாம்காரர் பெருந்தன்மையாகத் தன் சைலன்சரை நீட்டினார். மரை பொருந்தவில்லை! என்னுடையது அமெரிக்க அங்குலக் கணக்கு, அவருடையது 15 மில்லிமீட்டர். கடைசியில் என் ரைபிளை உறையிலேயே வைத்துவிட்டு அவருடைய ரைபிளால்தான் ஐந்து நாளும் சுட்டேன். எட்டாயிரம் மைலுக்கு மேல் ஒரு ரைபிளைச் சுமந்து போய் அதற்கு ஆப்பிரிக்கக் காற்று வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அதற்கு முன் ரேஞ்சில் ஒரு நண்பர் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன். "டெலஸ்கோப் உறைக்குள்ள போட்டுட்டுப் போ, டார்ச் லைட்டுன்னு நினைச்சுக்குவாங்க." இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: உரிமம் இல்லாமல் ராணுவப் பட்டியல் பொருளை வெளியே கொண்டுபோனால், தெரிந்தே செய்ததாக நிரூபணமானால், 20 வருடம் வரை சிறை, பத்து லட்சம் டாலர் வரை அபராதம். டார்ச் லைட்டுக்கு அது கொஞ்சம் அதிக விலை.

விமானம்தான் ஏற வேண்டும் என்றுகூட இல்லை. மொன்டானாவிலிருந்து அலாஸ்காவுக்குக் காரிலேயே வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இரண்டு மாநிலத்திலும் சைலன்சருக்குத் தடையில்லை. நடுவில் கனடா இருக்கிறது, அங்கே அது குற்றவியல் சட்டப்படி தடைசெய்யப்பட்ட சாதனம். ரைபிளை அறிவித்துக் கட்டணம் கட்டிக் கொண்டுபோகலாம், குழாயோடு சிக்கினால் தொலைந்தோம். நார்வேயில் அதே பொருளைக் கடையில் லைசென்ஸ் கேட்காமல் விற்கிறார்கள். ஜெர்மனி 2020 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. அதாவது சட்டத்துக்குப் பேர்போன ஜெர்மனியே காது மருத்துவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அரசாங்கத்தின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளிநாட்டில் யாராவது அமெரிக்கச் சிப்பாயை நோக்கி இதை மாட்டிச் சுட்டால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் 2002இல் தனியாருக்கு ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். அந்தக் கொள்கையை 2020 ஜூலையில் அவர்களே கைவிட்டார்கள். இப்போது முறையாக உரிமம் வாங்கிக் கம்பெனிகள் வெளிநாட்டுத் தனியாருக்கு விற்கவே வழி இருக்கிறது. கைரேகை கொடுத்து, வரிசை எண்ணோடு பதிவாகி, திரும்பக் கொண்டுவரப் போகிறவன் மட்டும் ஏன் ஆயுத வியாபாரி போல வரிசையில் நிற்க வேண்டும்? மூன்று ரைபிளுக்கு இருக்கும் அதே சலுகையில் மூன்று சைலன்சரையும் சேர்த்து, அதே 4457 படிவத்தில் எண்ணை எழுதச் சொன்னால் போதாதா? திரும்பி வரவில்லையென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டட்டும், விலாசம்தான் அவர்களிடம் இருக்கிறதே.

அது நடக்கும்வரை என் பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டேன். வரும் ஏப்ரலில் நியூசிலாந்தில் செம்மான் வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கியே கொண்டுபோகவில்லை. அங்கே லைசென்ஸ் உள்ள வழிகாட்டி பக்கத்திலேயே நின்று மேற்பார்த்தால் அவருடைய ரைபிளில் சுடலாம். முன்பதிவு செய்யும்போது ரைபிள் வாடகை எவ்வளவு, சைலன்சருக்குத் தனி வாடகையா என்று எழுதிக் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. ரைபிள் வாடகையைச் சொல்லிவிட்டு, "சைலன்சர் துப்பாக்கியிலேயேதானே இருக்கும், அதை ஏன் தனியாகக் கேட்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தார்.