மெஷின் மேல் சும்மா நின்றால் எடை குறையாது

"சித்தி, மூணு மாசமா தினமும் அந்த மெஷின்ல நிக்கிறேன். ஒரு கிலோகூட இறங்கல. என் உடம்புலதான் ஏதாவது கோளாறா?"

அக்கா மகள் போன வாரம் இப்படிக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. 22 வயது. 'தினமும் பத்து நிமிடம் நின்றால் போதும், தொப்பை கரையும்' என்ற விளம்பரத்தை நம்பி, முதல் மாதச் சம்பளத்தில் அந்த வைப்ரேஷன் பிளேட்டை வாங்கினாள்.

அதில் ஏறி நின்றால் பலகை நொடிக்கு இருபது, முப்பது தடவை அதிரும். அந்த ஆட்டத்தில் நிலை தடுமாறாமல் இருக்க, நாம் நினைக்காமலே தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இறுகி இறுகித் தளரும். அது உண்மை. இறங்கியதும் காலெல்லாம் குறுகுறுக்கும். நிறைய உழைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் சும்மா நின்றால் செலவாகும் கலோரி மிகக் குறைவு. பத்து நிமிடத்துக்கு 30 கலோரி என்றே வைத்துக்கொள்வோம், ஒரு இட்லிக்குக்கூடக் காணாது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அந்தக் கணக்கில் 250 நாளுக்கு மேல் நிற்க வேண்டும், அதுவும் சாப்பாடு ஒரு வாய் கூடாமல். மூன்று மாதத்தில் அவளுக்கு எடை இறங்காததில் என்ன ஆச்சரியம்?

விஞ்ஞானிகள் நிரூபித்தது என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். எதை நிரூபித்தார்கள்? அமெரிக்க ஆய்வாளர் கிளிண்டன் ரூபினின் குழு 2001ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது செம்மறியாடுகளின் எலும்பைப் பற்றி. தினமும் 20 நிமிடம், ஒரு வருடம், மிக மெல்லிய அதிர்வு. தொடை எலும்பின் உட்பகுதி அடர்த்தியானது. அப்புறம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் ஆய்வு. அதில் அதிர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றின் உள்கொழுப்பு குறைந்தது நிஜம். ஆனால் அவர்கள் உணவையும் கட்டுப்படுத்தினார்கள், பலகை மேல் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகளும் செய்தார்கள். விளம்பரத்தில் அந்தப் பாதியை வெட்டிவிடுகிறார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான். பொய் விளம்பரத்துடையது, பழியை என் பிள்ளை தன் உடம்பின் மேல் போட்டுக்கொள்கிறாள்.

வயதானவர்களுக்குக் கால் வலுவுக்காக, தெரிந்தவர்கள் மேற்பார்வையில் இதைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை. கர்ப்பிணிகளும், முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம்.

மெஷினை விற்றுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதன் மேல் தோப்புக்கரணம் போல மெதுவாக உட்கார்ந்து எழு, தொடை நடுங்கினால் இறங்கி ஓய்வெடு என்றேன். ராத்திரி பத்தரைக்கு ஆர்டர் போடும் பரோட்டாவைப் பற்றியும் பேசினோம், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இன்று மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் நடக்கக் கிளம்புகிறோம்.