அலமேலு என்று வைத்தால் என்ன குறைந்துவிட்டது?

அந்தப் பெயர்சூட்டு விழா வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் அதுதான் ஓடுகிறது. அக்கா மகள் தன் குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைத்தாள். மைக் பிடித்திருந்த தொகுப்பாளர், "இது பாப்பா பேரா, பாட்டி பேரா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஆட்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

அது பாட்டி பெயர் இல்லை. அந்தப் பெயர் வைத்த நாளில் ஒவ்வொரு அலமேலுவும் தொட்டிலில்தான் கிடந்தாள்.

அலர் என்றால் மலர்ந்த பூ, இங்கே தாமரை. அதன்மேல் இருக்கும் மங்கை அலர்மேல்மங்கை, திருப்பதிப் பெருமாளின் தேவியான திருச்சானூர்த் தாயார். "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறை மார்பா" என்று நம்மாழ்வார் திருவேங்கடமுடையானைப் பாடியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கும் மேலான தமிழ்ப் பெயர், பேச்சில் தேய்ந்து அலமேலு ஆகியிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அன்னமய்யா தெலுங்கில் பாடும்போதும் அலமேலுமங்கா என்றுதான் பாடினார். மைசூர்ப் பக்கம் அலமேலம்மா என்றால் கதையே வேறு. 1610இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த பிறகு, நகைக்காகத் துரத்தி வந்த ஆட்களிடம் சிக்காமல் காவிரியில் குதித்தவள் அவள், தோற்றுப்போன விஜயநகர ஆளுநரின் மனைவி. தலக்காடு மணலாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று அவள் விட்ட சாபத்தை இன்றும் அங்கே சொல்கிறார்கள். அவள் பெயரைக் கேட்டு அங்கே யாரும் சிரிப்பதில்லை. தெலுங்கும் கன்னடமும் மதிக்கும் ஒரு தமிழ்ப் பெயர் நம் மண்டபத்தில்தான் கேலிக்கு ஆளாகிறது.

"ஐயங்கார் வீட்டு மாமி பேராச்சே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆற்காடு, சோளிங்கர், திருத்தணிப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். களை பறிப்பவர்களில், பூ கட்டுபவர்களில் எத்தனை அலமேலுகள்! திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பெண்ணுக்குச் சாதி பார்த்தா பெயர் வைத்தார்கள்?

"வெளிநாடு போனால் வாயில் நுழையாது" என்கிறீர்கள். ழகரம் இல்லை, றகரம் இல்லை, இதில் நுழையாததற்கு என்ன இருக்கிறது? அங்கே அவர்கள் தங்கள் பழைய பெயர்களைத் தேடித் தேடி வைக்கிறார்கள். 1880இல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் எம்மா மூன்றாவது இடம். நடுவில் பல காலம் மங்கிக் கிடந்து, 2014 முதல் 2018 வரை அதுதான் முதலிடம். எம்மா திரும்பி வந்தால் அழகு, அலமேலு திரும்பி வந்தால் சிரிப்பா?

பள்ளியில் கேலி செய்வார்கள் என்பது உண்மையான கவலைதான். செய்வார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது யார்? மைக் வைத்துக்கொண்டு நாம்தானே கற்றுக்கொடுக்கிறோம்? யாழினி, ஆதிரை, கயல்விழி என்று வைத்தால் "ஆகா, தூய தமிழ்" என்று பாராட்டும் அதே ஆட்கள் அலமேலுவுக்கு முகம் சுளிக்கிறார்கள். அலர்மேல் வள்ளி ஆடுகிறார் என்றால் முன்வரிசையில் இடம் தேடுகிறார்கள். அப்போது மட்டும் அலர்மேல் இனிக்கிறதோ?

அலமேலு என்பது என் அம்மாவின் பெயர். பத்திரத்தில் அலர்மேல்மங்கை. அந்தப் பெயரைச் சொல்லி அம்மாவை யாராவது கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு "இந்தாம்மா". மாமியாருக்கு "ஏ பொண்ணே". தெருவுக்கு "வாத்தியார் வீட்டம்மா". எங்களுக்கு அம்மா. அவள் பெயர் இருந்தது ரேஷன் கார்டிலும் பாத்திரத்திலும்தான். சீர் கொடுத்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து 'லு'வின் சுழி மழுங்கிப்போய், 'அலமே' மட்டும் தெளிவாகத் தெரியும். குடத்தைக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தை முந்தானையால் ஒரு முறை துடைப்பாள். பெயருக்குச் சொந்தக்காரி அவள். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஆள் இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கு அவள் பேத்தி தன் குழந்தையை அந்தப் பெயர் சொல்லி வாய் நிறையக் கூப்பிட ஆசைப்படுகிறாள், அதற்கும் சிரிப்பு.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு கோபமா" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

கடைசியாகச் சொந்தக்காரர்களுக்கு ஒன்று. சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு "வீட்டில் அம்மு என்று கூப்பிட்டுக்கலாம், ஸ்கூலில் வேறு பேர் கொடுத்துக்கலாம்" என்று அக்கா மகளிடம் போனில் சொல்கிறீர்களாமே. அது வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் அலமேலு என்றே பதிந்தாயிற்று. வீட்டுக்கு வந்தாலும் அப்படியே கூப்பிடுங்கள், சுருக்காமல்.