பட்டியலில் சேர்ந்தால் இடம் யுனெஸ்கோவுக்குப் போய்விடுமா?

"உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு காடோ கோட்டையோ சேர்ந்துவிட்டால் அது ஐ.நா. சொத்து, சொந்த நாடே அங்கே ஒரு செங்கல்லை நகர்த்த முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் பட்டியலைத்தான் சொல்கிறார்கள். தவறு.

1972-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவைப் படித்தாலே போதும். இடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டின் இறையாண்மைக்கும், உள்நாட்டுச் சட்டம் தரும் சொத்துரிமைக்கும் பங்கம் இல்லை என்று அதிலேயே இருக்கிறது.

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2004-இல் பட்டியலில் சேர்ந்தது. அப்புறம் ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டப் போகிறோம் என்றார்கள், அது நிலக்காட்சியையே கெடுத்துவிடும் என்று யுனெஸ்கோ பக்கம் எவ்வளவோ எச்சரித்தும் வேலை நிற்கவில்லை. யுனெஸ்கோ சொத்தாக இருந்திருந்தால் பாலத்தை நிறுத்தியிருக்க வேண்டுமே? முடியவில்லை. 2009-இல் பெயரை நீக்கினார்கள், அவ்வளவுதான். 2013-இல் பாலம் திறந்தாயிற்று. ஓமனின் அரேபிய ஓரிக்ஸ் என்ற மான் வகைக்கான சரணாலயமும் (2007), லிவர்பூல் துறைமுகமும் (2021) இதே மாதிரி நீக்கப்பட்டவைதான்.

பராமரிப்புச் செலவெல்லாம் யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை. உதவி நிதி ஒன்று உண்டு, ஆனால் காப்பாற்றும் பொறுப்பு முதலில் அந்தந்த நாட்டுடையது (4-ஆவது பிரிவு).

உடன்படிக்கை, பட்டியல், நீக்கப்பட்ட இடங்கள் எல்லாம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.